பாலில் மிதந்த எலும்பு

பவளராணி கொண்டுவந்த தகரப்பேணியை மேசையில் வைக்கவில்லை. கதிரையில் உட்கார்ந்த பிறகும் மடியில் வைத்து இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இதுக்குள்ளை இருக்கிறது என்ரை பிள்ளையோ இல்லையோ எண்டு நீங்கள்தான் சொல்லவேணும், அண்ணை," என்றார்.

மகாதேவன் காப்புறுதி நிறுவனம் ஒன்றில் பொய் விபத்துகளைக் கண்டுபிடித்தே தலை நரைத்தவர். ஓய்வு பெற்ற பின் சிட்னியின் ஸ்ட்ராத்ஃபீல்டில் ஒரு மாடியறையில் விசாரணை அலுவலகம் நடத்தினார். கூட்டாளி அவருடைய மனைவியின் தங்கை யோகா. எந்த விஷயத்திலும் தேத்தண்ணி ஆறுவதற்குள் குற்றவாளியைப் பிடித்துவிடுவாள், ஆள்தான் மாறிப்போகும். அந்த 2012 ஜூலைக் குளிரில் குதிக்கால் வெடித்து, குளியலறையில் கல்லால் தேய்த்துக்கொண்டிருந்தவள், குரல் கேட்டதும் நொண்டியபடி வந்து சேர்ந்தாள்.

பவளராணிக்கு இரண்டு ஆண்பிள்ளைகள். மூத்தவன் கபிலன் 2009 இல் வன்னியில் காணாமல் போனான். அவனுக்குத் தெரிந்த எண் என்பதற்காக வீட்டுத் தொலைபேசியை அவர் இன்னும் மாற்றவில்லை. இளையவன் ஜசிந்தன் இத்தாலிக்குப் போய்ச் சேர்ந்து, சிசிலிக்கு வடக்கே எரிமலைத் தீவுகளுக்கிடையே ஓடும் பயணிகள் கப்பலொன்றில் கயிறு கட்டும் வேலை செய்தான். போன மாதம் அவனைப் பார்க்கப் போன சுஜீதன், அவருடைய கணவரின் தம்பி மகன், இந்தப் பேணியோடு சிட்னிக்குத் திரும்பினான். கப்பலில் நெஞ்சுவலி வந்து ஜசிந்தன் இறந்துவிட்டான், அங்கேயே எரித்தாயிற்று என்றான்.

"நாளையிண்டைக்கு முப்பத்தோராம் நாள், அந்தியேட்டி. கரைக்க முந்திப் பால் ஊத்துவம் எண்டு நேற்றுச் சட்டியிலை கொட்டினனான். கறுப்புச் சாம்பல் தாண்டுபோச்சு. எலும்பெல்லாம் மிதந்தது. ஊரிலை என்ரை மனுசன்ரை அஸ்திக்கும் நான்தான் பால் ஊத்தினனான். ஒரு துண்டும் மிதக்கேல்லை." அவர் குரல் தணிந்தது. "உயிரோடை இருக்கிற பிள்ளைக்கு நான் எப்பிடி அந்தியேட்டி செய்யிறது? செத்தவனுக்குச் செய்யாமல் விடுறதும் எப்பிடி?"

"அப்ப அவர் உயிரோடைதான் இருக்கிறார்," என்றாள் யோகா. "அங்கை ஒரு வெள்ளைக்காரியைக் கட்டியிருப்பார். அதை மறைக்க இந்த நாடகம்."

பவளராணியின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. மகாதேவனுக்கு யோகா மேல் கடுங்கோபம் வந்தது. ஒரு தாய்க்கு நம்பிக்கை கொடுத்துவிட்டு அதைத் திருப்பி வாங்குவது லேசான காரியமா?

அவர் பேணியைத் திறந்தார். கறுப்பு மணல்போன்ற தூள்; அதற்குள் வெள்ளைத் துண்டுகள். ஒன்றை எடுத்துப் பார்த்தார். துண்டு முழுவதும் ஊசித் துளைகள். அழுத்தினார், நொறுங்கவில்லை, விரலைக் கீறியது.

"சுஜீதன் முந்தி எப்பவாவது அஸ்திக்குப் பால் ஊத்திப் பாத்திருக்கிறாரோ?"

"அவன் இஞ்சை பிறந்தவன், அண்ணை. இஞ்சை பெட்டியை வள்ளத்திலை கொண்டுபோய் அப்பிடியே கடலிலை கொட்டிப்போட்டு வருவினம்."

மறுநாள் மதியம் மகாதேவனும் யோகாவும் சுஜீதன் வேலை செய்யும் கோழிக் கடைக்குப் போய் ஒரு மூலையில் உட்கார்ந்தார்கள். அவன் அவர்களை அறியான். கடையில் வேறு தமிழரும் இல்லை. இடைவேளையில் முதலாளி பொரித்த கோழியை அவன் முன் வைத்தார். அவன் தலையை ஆட்டி மறுத்துவிட்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த பருப்பும் சோறும் சாப்பிட்டான். முகத்தில் பல நாள் தாடி.

"கள்ளன் மாதிரியே இருக்கிறான்," என்றாள் யோகா.

"நான் பாக்க வந்ததைப் பாத்திட்டன். வா, போவம்," என்றார் மகாதேவன்.

மாலையில் பவளராணியையும் சுஜீதனையும் அலுவலகத்துக்கு அழைத்தார். மேசையில் கண்ணாடிக் கிண்ணம் நிறையத் தண்ணீர் இருந்தது. பேணியிலிருந்த வெள்ளைத் துண்டொன்றை அதில் போட்டார். மிதந்தது.

"யோகா, உன்ரை குதிக்கால் கல்லைக் கொண்டு வா."

அதுவும் பக்கத்தில் மிதந்தது.

"இரண்டும் எரிமலை கக்கின கல். அந்தத் தீவுகளின்ரை கரையிலை கிடக்கும். கறுப்புத் தூளும் அந்தக் கரை மணல்தான். பாக்க அஸ்திதான். பால் ஊத்தாட்டில் ஒருத்தருக்கும் தெரியவராது."

யோகா நிமிர்ந்தாள். "நான் சொன்னனான்தானே, அத்தான்? அவர் உயிரோடை..."

"இல்லை," என்றார் மகாதேவன். பவளராணியைப் பார்த்துத்தான் அதைச் சொன்னார். "பொய்ச் சாவெண்டால் எங்களுக்கு முன்னாலைதான் துக்கம் காப்பினம். இவர் தெரிஞ்ச ஆக்கள் ஒருத்தரும் இல்லாத கோழிக் கடையிலை, காசில்லாமல் வாற கோழியைத் தொடாமல் சாவுத் துடக்குக் காக்கிறார். சாவு உண்மை, தங்கச்சி. சாம்பல் பொய் எண்டால், உடம்புதான் கிடைக்கேல்லை. அப்பிடித்தானே, தம்பி?"

சுஜீதன் கிண்ணத்தில் மிதந்த கல்லை விரலால் அமுக்கினான். அது திரும்பவும் மேலே வந்தது.

"ஓம். அண்டைக்கு நானும் அவன்ரை கப்பலிலைதான் போனனான். ஸ்ட்ரொம்போலித் தீவுக்குக் கிட்டப் போகேக்கை கடல் சரியான ரஃப். கயிறு எடுக்கப் பின்பக்கம் போனவன். ஒரு அலை அடிச்சது. ஹெலிகொப்ரர் எல்லாம் வந்து தேடினது. கிடைக்கேல்லை." அவன் பவளராணியின் பக்கம் திரும்பினான். "கபிலன் அண்ணாக்காக நீங்கள் ஃபோனுக்குப் பக்கத்திலையே இருக்கிறனீங்கள், பெரியம்மா. உடம்பு கிடைக்கேல்லை எண்டு சொன்னால் இவனுக்காகவும் இருப்பீங்கள். அதாலைதான்."

யோகா கண்ணைத் துடைத்தாள்.

"நீ கண்ணாலை கண்டனியே?" என்று கேட்டார் பவளராணி.

"கையைப் பிடிச்சனான், பெரியம்மா. வழுக்கிட்டுது."

பவளராணி அப்போதுதான் அழுதார். அழுது முடித்துச் சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார்.

"கபிலனைக் கண்டனான் எண்டு சொல்ல ஒருத்தரும் வரேல்லை," என்றார். "இவனுக்குக் கடைசியிலை நீயாவது பக்கத்திலை இருந்திருக்கிறாய்."

கிண்ணத்தில் மிதந்த கல்லை எடுத்துத் தலைப்பில் ஈரம் ஒற்றி, பேணிக்குள் போட்டு மூடினார். பிறகு பேணியைச் சுஜீதனின் கையில் கொடுத்தார்.

"அவன் போன கடலிலை எடுத்ததுதானே. நாளைக்கு நீயே கரைச்சுவிடு. மிதந்தால் மிதக்கட்டும்."