எடுக்காமல் விட்ட சிரிப்பு

ராயபுரத்துப் பழைய ஐஸ் ஃபேக்டரிக்குள் தப்ரேஸ் நுழைந்தபோது காலை பதினொரு மணி. வெளியே கன்டெய்னர் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றன. ஐஸ் போடுவதை நிறுத்திப் பல வருஷமாகிறது. குளிர் அறையை மட்டும் ஒலிப்பதிவுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். முழ அகலச் சுவர், கனத்த இரும்புக் கதவு. லாரிச் சத்தம்கூட உள்ளே வராது. தாழ்ப்பாள் வெளிப்பக்கம்தான்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன் இதே அறையில்தான் அவன் 'கருவாட்டுப் பேய்' எடுத்தான். கையில் காசே இல்லாமல் எடுத்த பேய்ப்படம். பயப்பட வேண்டிய ஜனம் சிரித்தது. தியேட்டரில் மூன்றே நாள் ஓடியது. பிறகு செல்போன் செல்போனாகப் பரவி, இன்றைக்கு அதன் வசனத்தை டி-ஷர்ட்டில் போட்டுக்கொண்டு திரிகிறார்கள். இப்போது டிஸ்க்காக வெளிவரப் போகிறது. படம் ஓட ஓட டைரக்டர் பேசுவதையும் அதில் சேர்க்க வேண்டுமாம்.

டிஸ்க் போடுகிறவர்கள் கேட்ட பிறகும், இந்த அறைக்குள் மறுபடி கால் வைக்க அவனுக்குப் பத்து மாதம் பிடித்தது. காரணம் எபினேசர்.

காசிமேட்டு எபினேசர்தான் அதில் பிணம். சினிமாவில் பிணமாகப் படுத்தவன் ஷாட் முடிந்ததும் எழுந்து, கேமராவைப் பார்த்து ஒரு தடவை சிரிக்க வேண்டும். அதையும் படம் பிடிக்க வேண்டும். நடித்த சாவு நிஜமாகிவிடக் கூடாதே! எந்த யூனிட்டும் அதை விடாது. அன்றைக்குப் பார்த்து ஜெனரேட்டரில் டீசல் தீர்ந்தது.

"இன்னா நைனா, என் சிரிப்ப எடுக்கலியே?" என்று பெஞ்சில் உட்கார்ந்தபடி கேட்டான் எபினேசர்.

"நாளைக்கு எடுத்துக்கலாம்டா."

மறுநாள் எபினேசர் பாயைவிட்டு எழுந்திருக்கவில்லை. முப்பத்திரண்டு வயசு. ஒரு நிமிஷ வேலை, படுபாவி, அதைச் செய்யாமல் விட்டோமே என்று தப்ரேஸ் இன்னும் தூக்கத்தில் புலம்புகிறான்.

"நீ பேசு வாப்பா. நான் வெளிய மெஷினப் பாத்துக்கிறேன்" என்று மகள் ஆஃபியா கதவைச் சாத்தினாள்.

லேப்டாப்பில் படம் ஓடியது. தப்ரேஸ் சிரிக்கச் சிரிக்கத்தான் பேசினான். பிணக் காட்சி வந்தது. வெள்ளைத் துணிக்குள் எபினேசர்.

படம் அப்படியே நின்றது.

மேலே விளக்கு அணைந்தது.

"ஆஃபியா! கதவத் தொற!"

பதில் இல்லை. குத்தினான், உதைத்தான், தோளால் மோதினான். கதவு அசையவில்லை. அவன் மூச்சு வாயிலிருந்து புகையாக வந்தது. குளிர் இயந்திரத்தைக் கழற்றி விற்றே எத்தனையோ வருஷமாயிற்று. பிறகு வாடை வந்தது. அன்றைக்கு ஷூட்டிங்கில் தோரணமாகக் கட்டியிருந்த கருவாட்டு வாடை.

மூலையில் பெஞ்சு கிறீச்சிட்டது.

அங்கே பெஞ்சே கிடையாது.

"இன்னா நைனா," காதோரம் மெல்லக் கேட்டது. "இன்னிக்காச்சும் எடுப்பியா?"

தப்ரேஸுக்கு ஓட இடமில்லை. செல்போனை எடுத்து, வீடியோவை அழுத்தி, இருட்டுப் பக்கம் நீட்டினான்.

"சிரிடா எபி. தப்பு என்னுதுதான். சிரிச்சிட்டுப் போயிடுடா."

சிரிப்பு வந்தது. முதலில் மெதுவாக. பிறகு பழைய எபினேசராகவே, வயிறு குலுங்க.

கதவு திறந்தது. வெயிலோடு ஆஃபியா நின்றாள்.

"கரண்ட் பூட்ச்சுனு வாசலுக்குப் போனேன். தொறந்தா, நீ பாட்டுக்கு தனியா சிரிச்சுகினு கீறே! இன்னா வாப்பா ஆச்சு?"

சிரித்தது அவன் இல்லை. வெளியே வந்து, வீடியோவைப் போட்டான்.

பெஞ்சு. வெள்ளைத் துணி. கழுத்துவரை மூடிப் படுத்திருந்தது எபினேசர் அல்ல. தப்ரேஸ். கண் மூடி, வாய் லேசாகப் பிளந்து கிடந்தான். யாரோ ஆடாத கையால் நிதானமாகப் படம் பிடித்திருந்தார்கள். துணிக்குள்ளிருந்தவன் எழுந்திருக்கும் முன்பே படம் முடிந்துவிட்டது.

"ஆஃபியா, சீக்கிரம் என்னப் படம் புடி. நான் சிரிக்கணும். இப்பவே!"

அவள் செல்போனை வாங்கிப் பார்த்தாள். திரை கறுத்திருந்தது.

"சார்ஜ் பூட்ச்சே. என்னுதும் வூட்ல கீது. வேர்த்து வழியுற பாரு, வா வூட்டுக்குப் போலாம்" என்று அவன் கையைப் பிடித்து இழுத்தாள். "இன்னா பெரிய சிரிப்பு, நாளைக்கு எடுத்துக்கலாம்."

உள்ளே பெஞ்சு கிறீச்சிட்டது.