பெயர் சொல்லாமல் தைத்த உடுப்பு

எங்கள் குடும்பத்தைப் பற்றி நாலு பேர் நாலு விதமாகப் பேசுவதற்கு முன், நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

மெக்கானிக் வந்தது நல்ல வெயில் நேரத்தில். மாடி அறையில் பூட்டிக் கிடந்த அம்மாவின் தையல் மெஷினைக் கூடத்துக்கு இறக்கியிருந்தோம். என் தம்பி மகளுக்குக் கல்யாணம். கல்யாண உடுப்பை அந்த மெஷினில் தன் கையால்தான் தைப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். தனியாகக் கேட்டிருந்தால் மறுத்திருப்பேன். சம்பந்தியம்மாவின் எதிரில் கேட்டாள். "பரவாயில்லையே, கைவேலை தெரிஞ்ச குடும்பம்" என்று அந்த அம்மாள் மெச்சிய பிறகு எந்த வாயால் மறுப்பது?

மெக்கானிக் மண்ணெண்ணெய் விட்டுத் துருவை இளக்கினார். புதுத் தோல் பெல்ட் மாட்டினார். கறுத்த உடம்பில் மங்கிக் கிடந்த பொன்னிறக் கொடிகள் மெல்லத் துலங்கின. பிறகு உபரிச் சாமான்கள் இருந்த தகரப் பெட்டியைத் திறந்து, ஒவ்வொன்றாக ஒரு துணியின்மேல் வைத்தார்.

"இது ஓரம் மடிக்கிறது. இது சுருக்கு வைக்கிறது. பல்லு வச்சிருக்கே, இது பைப்பிங் பிடிக்க. பாத்தும்மா, என் வீட்டுக்காரி மாதிரி. சும்மா தொட்டாலே குத்தும்."

தம்பி மகள் சிரித்தாள்.

பெட்டியின் அடியில், எண்ணெய் ஊறிய வெள்ளைத் துணியில் சுற்றி ஒன்று இருந்தது. பித்தளை. அதை அவர் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது கம்பெனி சாமான் இல்ல. யாரோ கையால அடிச்சுச் செஞ்சிருக்காங்க. தையல் முடியற எடத்துல முடிச்சு விழாம விட்டுடும்போல. அப்படி ஒரு தையல் யாருக்கு வேணும்?"

எனக்குத் தெரியும்.

என் அம்மா இறந்தவர்களுக்கு உடுப்பு தைத்தவள். முதுகுப் பக்கம் திறந்திருக்கும். தையலில் முடிச்சு இருக்காது. முடிச்சு இருந்தால் போகிறவர் இங்கேயே சிக்கிக்கொள்வார் என்பாள். அந்தப் பித்தளையை மாட்டியதும், யாருக்கு என்று வாய்விட்டுப் பெயர் சொல்வாள். "சொல்லலேன்னா தைக்கிறவளுக்கே அளவெடுத்துக்கும்" என்பாள். வெளியாரிடம் அவளைக் கல்யாண உடுப்புக்காரி என்றே சொல்லி வளர்ந்தோம். வீட்டில் எனக்கு அளவெடுக்கும்போது "வளையாம நில்லு" என்று முதுகில் தட்டுவாள். அப்படி நிமிர்ந்த முதுகு இது.

"என்னங்க அது, அழகா இருக்கே?" என்றார், கூடத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த சம்பந்தியம்மா.

"பூ வேலைக்குங்க. கல்யாண உடுப்புன்னா அம்மா இதைத்தான் மாட்டுவாங்க." என் குரல் பிசகவில்லை.

"அப்ப இதையே மாட்டுங்க" என்றாள் தம்பி மகள்.

தடுத்திருக்கலாம். தடுத்தால் காரணம் சொல்ல வேண்டும்.

மெக்கானிக் அதை மாட்டிவிட, தம்பி மகள் உட்கார்ந்து மிதித்தாள். மெஷின் வெண்ணெயாக ஓடியது. வெள்ளைப் பட்டு ஊசிக்கடியில் வழுக்கிக்கொண்டு போனது. கொஞ்ச நேரத்தில் மண்ணெண்ணெய் வாடை போய், வேறொரு வாசம் கூடத்தில் பரவியது. நனைத்துப் பிழிந்து, வெயில் படாமல் உலர்த்திய பருத்தியின் வாசம். அது அம்மாவின் அறைக்கு மட்டுமே உரியது.

"அத்தை, கையை எடுங்களேன். முதுகு கூசுது."

நான் சன்னலோரம் நின்றிருந்தேன்.

அவள் பின்னால் யாரும் இல்லை.

"தோளை அளக்கறீங்களா? ஏன் இப்படி ஜில்லுனு இருக்கு கை? ஒரு விரல் மட்டும் இரும்பாட்டம்..."

அங்குஸ்தான். தைக்கிறபோது அம்மா விரலில் மாட்டும் இரும்புக் குப்பி. அவளை அடக்கத்துக்கு அனுப்பியபோது அது விரலைவிட்டு வரவில்லை, அதோடுதான் அனுப்பினோம்.

"மிதியிலேர்ந்து காலை எடுடி."

"எடுத்துட்டேன், அத்தை."

உண்மைதான். அவள் பாதங்கள் இரண்டும் தரையில் இருந்தன. மிதி தானாக ஏறி இறங்கியது.

கையை விடுவிக்கப் பார்த்தாள். துணி விடவில்லை. அவள் உதடு வெளுத்துக்கொண்டே வந்தது. மெக்கானிக் பாய்ந்து சக்கரத்தைப் பிடித்தார். உள்ளங்கை உரிந்ததுதான் மிச்சம். திருப்புளியால் நெம்பிப் பெல்ட்டைக் கழற்றி எறிந்தார்.

பெல்ட் இல்லாமலே ஊசி ஓடியது.

விளிம்புக்கு இன்னும் ஒரு சாண் துணி இருந்தது. அது முடிந்தால் உடுப்பு முடியும். உடுப்பு முடிந்தால் உடுத்துகிறவள் யார் என்பதை யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. சம்பந்தியம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மெஷினின் பக்கத்தில் போய் நின்றேன்.

"அம்மா, அது செத்தவங்களுக்குத் தைக்கற சாமான். அவகிட்ட நான்தான் மறைச்சேன். அவளுக்கு வேண்டாம். எனக்குத் தை."

என் பெயரை முழுதாகச் சொன்னேன்.

ஊசி நின்றது.

பெண் என் மேல் சரிந்தாள். சம்பந்தியம்மாதான் தண்ணீர் கொண்டுவந்து புகட்டினார். அவரை ஏறிட்டுப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"எங்க மாமியாருக்கு உங்க அம்மாதானே தைச்சுக் குடுத்தாங்க" என்றார் அவர், தாழ்ந்த குரலில். "ஊருக்கே தெரியுமேங்க. நீங்க பூ வேலைன்னதும், வீட்டுக்காரங்களுக்குத் தெரியாததான்னு பேசாம இருந்துட்டேன்."

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. உடுப்பைக் கடையில் வாங்கினோம். பெண் சௌக்கியமாக இருக்கிறாள்.

மெக்கானிக் அந்தப் பித்தளையைக் கழற்ற எவ்வளவோ பார்த்தார். திருகு அசையவில்லை. "இனிமே என்னைக் கூப்பிடாதீங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். மெஷினை மறுபடி மாடியில் வைத்துப் பூட்டினேன். பெல்ட் கிடையாது. சாவி என் இடுப்பில்.

மதியச் சாப்பாட்டுக்குப் பின் மாடியில் மெஷின் ஓடும் சத்தம் கேட்கிறது.

நேற்று திறந்து பார்த்தேன். யாரும் வைக்காத வெள்ளைப் பருத்தி ஊசிக்கடியில் இருந்தது. முதுகு திறந்த உடுப்பு. இடது தோள் ஒரு நூல் அளவு உயர்ந்திருந்தது, எனக்கு இருப்பதுபோல. வலது கை மட்டும் பாக்கி.

இன்று கண்ணாடி முன் நின்று தலை வாரிக்கொண்டிருந்தேன். வலது தோளிலிருந்து மணிக்கட்டுவரை ஜில்லென்று விரல்கள் இறங்கின. அதில் ஒன்று இரும்பு.

கண்ணாடியில் நான் மட்டும்தான் இருந்தேன்.

முதுகில் ஒரு தட்டு விழுந்தது.

நிமிர்ந்து நின்றேன்.