நாலு டிஸ்க்கில் மூன்று

காலை பத்து மணி.

கிடங்கின் மாடிப்படிக்குக் கீழே காவலாளி செத்துக் கிடந்தார்.

இன்ஸ்பெக்டர் கேமரா பதிவைக் கேட்டார். அதற்காக வந்த டெக்னீஷியனை மேனேஜரே மாடிக்கு அழைத்துப் போனார். கேமரா பதிவுகள் இருந்த சர்வர் அறைக் கதவை உள்ளே தாழிட்டார்.



அவள் சர்வர் பெட்டியைத் திறந்தாள். டிஸ்க்குகளை இணைக்கும் கார்டு இரண்டாக முறிந்திருந்தது...

"ஷார்ட் சர்க்யூட்" என்றார் மேனேஜர்.

மின்சாரம் எரிக்கும், முறிக்காது. ஆனாலும் அவள் தலையாட்டினாள். உயிர் மேல் ஆசை இருந்தது.

"இந்தக் கார்டு போனா டிஸ்க்கைப் படிக்க முடியாதுன்னு நீதானே சொன்னே?"

சொன்னாள்தான். சர்வர் வாங்கிய அன்று, சாதாரண கார்டு போதும், சாஃப்ட்வேரே நாலு டிஸ்க்கையும் சேர்த்து வைக்கும், எந்தக் கம்ப்யூட்டரிலும் படிக்கலாம் என்று தலைபாடாய் அடித்துக்கொண்டாள். மேனேஜர் ஒற்றைக்காலில் நின்று டிஸ்க்குகளைத் தானே சேர்த்து வைக்கும் ஹார்டுவேர் ரெய்டு கார்டையே வாங்கினார்.

அது இரண்டே மாதத்தில் மக்கர் செய்தது. அவள் சத்தமில்லாமல் எல்லாவற்றையும் சாஃப்ட்வேருக்கு மாற்றிவிட்டாள். சொன்னால் வள்ளென்று விழுவாரே என்று மறைத்தாள்.

அது மட்டும் இப்போது தெரிந்தால்... படிக்கட்டுக்குக் கீழே இன்னொரு பிணம்!

"வேற கார்டு கிடைக்குமா?"

"அந்த மாடலே இப்ப வர்றதில்ல சார்."

மேனேஜர் சிரித்தார். ஆனாலும் சந்தேகப் பிராணி. ஒரு டிஸ்க்கை உருவிச் சுத்தியலால் நசுக்கினார்.

"இதுவும் ஷார்ட் சர்க்யூட்தான். ஒண்ணும் தேறாதுன்னு கீழ போய்ச் சொல்லு. உனக்கும் பிள்ளைங்க இருக்காங்கல்ல?"

இன்ஸ்பெக்டரிடம் அப்படியே சொன்னாள். மேனேஜர் பக்கத்திலேயே நின்று கேட்டார். அதையே எழுதித் தர ஸ்டேஷனுக்கு வரும்படி இன்ஸ்பெக்டர் கூப்பிட்டார். மிச்சமிருந்த மூன்று டிஸ்க்குகளையும் மேனேஜரே தாராளமாக எடுத்துக் கொடுத்தார்.

ஸ்டேஷனில் ஒரு பழைய கம்ப்யூட்டர். இன்ஸ்பெக்டரிடம் உண்மையைச் சொல்லிவிட்டு மூன்றையும் அதில் மாட்டினாள்.

ஒரு நிமிடம்... இரண்டு நிமிடம்...

திரையில் மாடிப்படி தெரிந்தது. காவலாளி தெரிந்தார். அவர் முதுகில் கை வைத்துத் தள்ளிய மேனேஜரும் தெரிந்தார்!

மாலைக்குள் மேனேஜரைக் கொண்டுவந்தார்கள். திரையைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது.

"ஒரு டிஸ்க்கையே உடைச்சேனே..." என்று இன்ஸ்பெக்டர் முன்னாலேயே உளறினார்.

அவள் அவர் பக்கம் திரும்பினாள். 

"ஒண்ணு போனா மிச்சம் மூணு தாங்கும் சார். அதுக்குத்தான் நாலு வாங்கச் சொன்னேன். அன்னிக்கு நீங்க போன்ல பேசிட்டு இருந்தீங்க."