உறையில் ஒட்டிய குதிரை

நேற்றுவரை ஒழுங்காக ஓடிய பழைய செஸ் புரோகிராம், இன்று மத்தியானம் நினைவகம் போதவில்லை என்றது. நேற்றிலிருந்து ருஃபினோ அந்தக் கம்ப்யூட்டரில் புதிதாக எதையும் ஏற்றியிருக்கவில்லை.

இலோய்லோ நகரில் மூன்று நாளாக அடைமழை. மனைவியின் தம்பி அர்செனியோவின் பின்னறையில் ஜன்னல் சாத்தியிருந்தது. ஈரச்சுவரின் பூஞ்சை வாடையும், காலையில் தின்று மூடாமல் விட்ட கருவாட்டு நெடியும், மேசைக்கடியில் அந்தப் பெட்டி விடாமல் கரகரக்கும் சத்தமும் சேர்ந்து அவனுக்கு மூச்சு முட்டியது. காலையில் பாதியில் நிறுத்திய ஆட்டம் நான்கு மணிக்குத் தொடரும். ஐந்துக்குள் வராதவன் தோற்றவன். ஜெயித்தால் தேசிய அணியில் இடம். இருபது வருஷமாக நாய்படாத பாடு பட்டது அதற்குத்தான். தன் வெள்ளைக் காய்களுக்கான அடுத்த நகர்த்தலைத் தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, நடுவரிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தான். குதிரையைக் காவு கொடுக்கும் நகர்த்தல். தன்னோடு சேர்ந்து ஆட்டங்களை அலசும் அர்செனியோவிடம்கூட அதைச் சொல்லவில்லை.

வேண்டாத புரோகிராம்களை நீக்கிவிட்டு மறுபடி இயக்கினான். இப்போது டிஸ்க்கில் இடமில்லை என்றது. பழைய ஆட்டங்களை அழித்தான். காலியான இடம் கண்ணெதிரே மறுபடி நிறைந்தது. உள்ளே எதுவோ எழுதிக்கொண்டே இருந்தது.

ஃபைல்களின் பட்டியலைத் திறந்தான். பத்து மாதமாக அர்செனியோவைத் தவிர யாருக்கும் தெரியாமல் அவன் தயாரித்த ஆட்டத் தொடக்கங்கள், ஒன்றுவிடாமல் நகலெடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் 'செராஃபினுக்கு' என்று குறிப்பு. செராஃபின்தான் இன்றைய எதிராளி. ஒரே தட்டில் சோறு தின்றவன் செய்கிற வேலையா இது?

கடைசி ஃபைல் இன்றைய ஆட்டம். நாற்பத்திரண்டாவது நகர்த்தலாக அவன் குதிரை. உறைக்குள் இருக்கும் அதே குதிரை. அதற்குக் கீழே எதுவும் இல்லை. முடிவு: வெள்ளை வரவில்லை. சேமித்த நேரம் மாலை ஐந்து.

கைக்கடிகாரத்தில் மூன்று பத்து.

காபியோடு உள்ளே வந்த அர்செனியோ திரையைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றான்.

“எத்தனை நாளாடா?”

“ஜனவரிலேர்ந்து. உன் பின்னாடியே பேப்பர் தூக்கிட்டு எத்தனை வருஷம் மச்சான் நிக்கிறது? செராஃபின் என்னையும் அவன் கிளப் டீம்ல சேத்துக்கறேன்னான்.”

“குதிரையையும் சொல்லிட்டியா?”

அர்செனியோ கிட்டே வந்து குனிந்து கடைசி வரியைப் படித்தான். காபி அவன் காலில் சிந்தியது. அவன் துடைக்கவில்லை.

“மத்ததெல்லாம் நான்தான். இது நான் இல்ல மச்சான்.”

மூன்றே காலுக்கு, தினமும் போவதுபோல், கரண்ட் போனது. விசிறி சுற்றி ஓய்ந்து நின்றது. அடுத்த வீட்டு ரேடியோ அடங்கியது.

திரை அணையவில்லை.

பெட்டி கரகரத்தது. கீபோர்டில் ஒரு பொத்தான் தானாக அமுங்கியது. இன்னொன்று. நிதானமாக.

அர்செனியோ திரையைப் பார்த்தபடியே பின்வாங்கி வெளியேறினான். கதவைச் சாத்தினான். வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.

“அர்செனியோ, திறடா. நான் போகணும்டா.”

செருப்புச் சத்தம் ஓடித் தேய்ந்தது. தகரக் கூரையில் மழை. கத்தினான். தட்டினான். கை வலித்தது.

பொத்தான் சத்தம் நின்றுவிட்டிருந்தது.

திரும்பிப் பார்த்தான். திரையின் வெளிச்சத்தில், மேசைக்கு எதிர்ப்புறம் அர்செனியோ வழக்கமாக உட்காரும் காலி நாற்காலி, தரையில் உரசியபடி மெல்ல மேசையை நோக்கி வந்துகொண்டிருந்தது.