அவளுக்கு மட்டும் வசனம் இல்லை

பதினோரு வருடம் பூட்டிக் கிடந்த தியேட்டரை ஐந்து ஞாயிற்றுக்கிழமைகளுக்கு மட்டும் திறந்துவிடுகிறோம் என்றார்கள் அதன் உரிமையாளர்கள். திரைப்படக் கழகத்தின் செக்ரட்டரிக்குத் தலைகால் புரியவில்லை. 'சமீபத்திய உலகப் படங்கள். ஐந்து நாடுகள், ஐந்து வாரங்கள், மதியம் மூன்று மணி' என்று தன் கையாலேயே எழுதி வாசலில் தொங்கவிட்டார்.

முதல் ஞாயிறு இரண்டு மணிக்கே வசனக்காவும் அவள் தம்பியும் வந்துவிட்டார்கள். அவள் கையில் மடிக்கணினி. அவன் தோளில் வயர் சுருள், இடுப்பில் குழந்தையை வைத்த மாதிரி ஒரு சின்ன புரொஜெக்டர். கதவைத் தள்ளியதும் நனைந்து காய்ந்த கம்பளியின் வாடை முகத்தில் அடித்தது. தம்பி மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தான். உள்ளே வெளிச்சம் வர வழியே இல்லை. வெளியே கொளுத்தும் வெயில், உள்ளே கண்ணைக் கட்டிவிட்ட இருட்டு.

வசனக்கா என்பது கழகத்தார் வைத்த பெயர். அவளுடைய வேலை அப்படி. வெளிநாட்டுப் படங்கள் தமிழ் எழுத்தோடு வருவதில்லை. ஒரு படத்தின் ஆயிரத்துச் சொச்சம் வசனங்களை ராத்திரி பகல் பாராமல் மொழிபெயர்த்து, வரிசை எண் போட்டு, கணினியில் ஏற்றிக்கொண்டு வருவாள். திரைக்குக் கீழே ஒரு கறுப்புத் துணிப்பட்டை, அந்தச் சின்ன புரொஜெக்டர் அதில் எழுத்தைக் காட்டும். கடைசி வரிசையில் மேசை போட்டு உட்கார்ந்து, படத்தில் ஒருவர் வாய் திறந்தால் ஒரு தட்டு தட்டுவாள், பட்டையில் வசனம் விழும். வாய் மூடினால் இன்னொரு தட்டு, பட்டை காலியாகும். ஒரு தட்டு கூடிப்போனால் மாமியார் பேச வேண்டியதை மருமகள் பேசிவிடுவாள். இரண்டு மணி நேரமும் அவள் பார்ப்பது கதையை அல்ல, வாய்களை.

இதையெல்லாம் அவள் ஆரம்பித்ததே தம்பிக்காகத்தான். ஆறு வயதில் வந்த காய்ச்சல் அவன் காது இரண்டையும் கொண்டுபோய்விட்டது. இப்போது முப்பத்து நான்கு வயது, கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறான். உதடு பார்த்தே எதிராளி சொல்வதைப் பிடித்துவிடுவான். வீட்டில் இருவரும் குரல் இல்லாமல் வாயை மட்டும் அசைத்துப் பேசிக்கொள்வார்கள். அந்த வீட்டில் குக்கர் ஒன்றுதான் சத்தம் போடும்.

முதல் படம் பனி கொட்டும் நாடு ஒன்றிலிருந்து வந்தது, ஒரு பஸ் டிரைவரின் கதை. செக்ரட்டரியின் முன்னுரை படத்தைவிட நீளமாக இருந்தாலும் யாரும் எழுந்து போகவில்லை. பாதிப் படத்தில் பஸ் ஒரு பாலத்தில் நின்றது. பயணிகள் எல்லாரும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். கடைசி சீட்டில் சாம்பல் நிற ஸ்வெட்டர் போட்ட ஒரு பெண்ணின் வாய் மட்டும் அசைந்தது.

வசனக்காவின் விரல் தன்னால் தட்டிவிட்டது.

டிரைவர் அடுத்துச் சொல்ல வேண்டியது நான்கு நொடி முன்னாலேயே பட்டையில் விழுந்தது. முன்வரிசையிலிருந்து செக்ரட்டரி திரும்பி முறைத்தார். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு சரிசெய்தாள். பயணிகளில் ஒருத்தி முணுமுணுத்ததற்கெல்லாம் யார் வசனம் எழுதுவார்கள் என்று அதை விட்டுவிட்டாள்.

இரண்டாவது வாரப் படம் உலகத்தின் இன்னொரு மூலை. உப்பளம், கண் கூசும் வெயில், சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு வேலை பார்க்கும் ஆட்கள்.

அவர்கள் நடுவே அவள் நின்றாள்.

அந்த வெயிலில், அதே சாம்பல் நிற ஸ்வெட்டரில்.

இந்தத் தடவை விரல் தட்டவில்லை, விறைத்துப்போனது. அந்தப் பெண் பயங்கரமாகவெல்லாம் இல்லை. வசனக்காவின் வயதுதான் இருக்கும். இழுத்து வாரிய தலை, கடையில் வரிசையில் நின்றால் யாரும் கவனிக்காத முகம். ஆனால் உப்பள ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துப் பேச, அவள் திரைக்கு வெளியே, கீழே, இடது பக்கம் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். வசனக்கா அந்தப் பார்வை போன திசையில் பார்த்தாள். மூன்றாம் வரிசை, இடது ஓரம். அங்கே அவள் தம்பி உட்கார்ந்திருந்தான்.

படம் முடிந்ததும் மேலே ஏறி ஆபரேட்டரிடம் அந்த இடத்தை மறுபடி போடச் சொன்னாள். அவர் மூன்று முறை போட்டுக் காட்டினார். உப்பு இருந்தது, ஆட்கள் இருந்தார்கள். அவள் இல்லை.

"படத்துல இருக்கறவங்களத்தானேம்மா நான் காட்ட முடியும்?" என்றார் ஆபரேட்டர். "ராத்திரியெல்லாம் முழிச்சு எழுதற. கண்ணு பொய் சொல்லுது. போய் நல்லாத் தூங்கு."

தூங்கினால் சரியாகிவிடும் என்றுதான் அவளும் நினைத்தாள். மறுநாள் காலை டீ குடிக்கும்போது தம்பி அந்த நினைப்பில் மண்ணைப் போட்டான்.

"எல்லாருக்கும் வசனம் போடற. அந்த ஸ்வெட்டர்காரிக்கு மட்டும் ஏன்க்கா போடல?"

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "எந்த ஸ்வெட்டர்காரி?"

"ரெண்டு வாரமா என்னையே பாத்துப் பேசறாளே, அவதான்."

"அவ பேசறது உனக்கு எப்படிப் புரியும்? அது வேற நாட்டு பாஷை."

"மத்தவங்க பேசறதுதான் புரியல. அவ நம்ம பாஷை பேசறா."

ஸ்வெட்டர்காரி என்ன சொன்னாள் என்பதையும் அவனே சொன்னான், கொஞ்சம் வெட்கத்தோடு.

"அந்தப் பக்கம் வந்தா காது கேக்குமாம்."

அதெல்லாம் கண்ணைக் குழப்புகிற விஷயம், இனிமேல் அவளைப் பார்க்காதே என்று வசனக்கா திட்டினாள். "சும்மா படம்தானே, எனக்குத் தெரியாதா?" என்று அவன் சிரித்தான். செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனவன் வாசலிலிருந்து திரும்பி வந்தான்.

"உன் குரல் எப்படிக்கா இருக்கும், இப்போ?"

இருபத்தெட்டு வருடத்தில் அவன் அதைக் கேட்டதே இல்லை. அவள் டம்ளரைக் கழுவப் போகிறவள் போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மூன்றாவது படம் நர்சுகளின் வேலைநிறுத்தம் பற்றியது. ஆஸ்பத்திரி நடையில், பேசிக்கொண்டிருந்த இரண்டு நர்சுகளின் தோள்களுக்கு நடுவே அந்த முகம் தெரிந்தது. நான்காவதில் அண்ணன் தம்பிகள் வீட்டை விற்பதைப் பற்றிச் சாப்பாட்டு மேசையில் சண்டை போட்டார்கள். அவர்களோடு அவளும் உட்கார்ந்திருந்தாள். எல்லார் முன்னாலும் தட்டு இருந்தது, அவள் முன்னால் இல்லை. வாரத்துக்கு வாரம் கிட்டே வந்துகொண்டிருந்தாள். அரங்கில் கம்பளி வாடை மூச்சு முட்டியது. அறுபது பேரில் ஒருவரும் மூக்கைச் சுளிக்கவில்லை.

மூன்றாம் வரிசையில் தம்பியின் தலை மெல்ல ஆடியது. சரி, சரி என்று யாருக்கோ ஒப்புக்கொள்கிறவனைப் போல.

அன்று சாயங்காலம் அவள் செக்ரட்டரியிடம் கெஞ்சிப் பார்த்தாள். "கடைசிப் படம் வேண்டாம் சார். இந்தத் தியேட்டர் சரியில்ல."

"எது சரியில்ல? கூட்டம் அள்ளுது! நிறைவு நாளைப் போய் நிறுத்தச் சொல்றியே" என்று அவர் கையைக் கூப்பினார். "நீ வராம மட்டும் இருந்துடாதம்மா. அப்புறம் எல்லாரும் ஊமைப் படம்தான் பார்க்கணும்."

அவள் தம்பியிடம் பொய் சொன்னாள். படம் ரத்தாகிவிட்டது, தியேட்டர்காரர்கள் சாவி தரவில்லை என்றாள். அவன் அவள் உதட்டையே பார்த்துவிட்டுத் தலையாட்டினான். ஆனால் ஞாயிறு காலை செக்ரட்டரி தம்பி உள்பட எல்லா உறுப்பினர்களின் போனுக்கும் செய்தி அனுப்பிவிட்டார்: 'இன்று நிறைவுப் படம். அனைவரும் வருக.' இரண்டு மணிக்கு அவள் குளித்துவிட்டு வந்தபோது தம்பி வீட்டில் இல்லை.

மடிக்கணினியையும் சின்ன புரொஜெக்டரையும் அள்ளிக்கொண்டு அவள் ஓடினாள். கூட்டம் அதற்குள் வந்து உட்கார்ந்திருந்தது. அவன் முதல் வரிசைக்குப் போய், நட்ட நடுவில் உட்கார்ந்திருந்தான். எதிரே போய் நின்று, "எழுந்திரு, வீட்டுக்குப் போலாம்" என்று வாயசைத்தாள்.

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அவன் பார்க்காவிட்டால் அவள் பேச்சு அவனைப் பொறுத்தவரை இல்லாமலே போய்விடும். சின்ன வயதுச் சண்டைகளில் இதுதான் அவன் ஆயுதம். அவள் தோளைப் பிடித்து இழுத்தாள், அவன் கையை உதறினான். "என்னம்மா குடும்பச் சண்டையை இங்க வச்சுக்கிட்டு? போய் உக்காரு" என்று செக்ரட்டரி அவளை நகர்த்திக்கொண்டு போனார். விளக்குகள் அணைந்தன.

ஒரு தபால்காரரின் கடைசி வேலை நாள். அதுதான் கதை. நாற்பது நிமிடம் எதுவும் நடக்கவில்லை. வசனக்கா ஒரு கண்ணால் வாய்களையும் ஒரு கண்ணால் தம்பியின் பிடரியையும் பார்த்தபடி தட்டிக்கொண்டிருந்தாள். தபால்காரர் ஒரு தெருவில் நடந்தார். ஒரு வீட்டின் முன்னால் நின்றார். கதவைத் தட்டினார்.

கதவு திறந்தது.

தபால்காரர் இல்லை, தெரு இல்லை. திரை முழுக்க ஸ்வெட்டர்காரியின் முகம்.

இசை நின்றுவிட்டது. அரங்கில் சிலர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். இதுவும் படத்தில் ஒரு கட்டம் என்றுதான் நினைத்திருப்பார்கள். முகம் குனிந்து முதல் வரிசையைப் பார்த்தது. உதடுகள் பிரிந்தன.

தம்பி எழுந்தான்.

"தம்பி!"

வசனக்கா போட்ட அலறலில் அறுபது தலைகள் திரும்பின. திரும்ப வேண்டிய தலை திரும்பவில்லை.

அவன் திரையைப் பார்த்து ஓரடி வைத்தான். நடுவில் முப்பது வரிசை. ஓடினால் போய்ச் சேர முடியாது. ஆனால் அவனிடம் போய்ச் சேருகிற குரல் ஒன்று அவள் கைக்கடியிலேயே இருந்தது. புது வரி ஒன்றைத் திறந்து தட்டச்சு செய்து, பட்டைக்கு அனுப்பினாள். கறுப்புத் துணியில் உள்ளங்கை அகல எழுத்துக்கள் வெள்ளையாக விழுந்தன.

'தம்பி, நான் அக்கா. எங்கிட்ட வா.'

அவன் நின்றான். படித்தான். அவன் தோள்கள் தளர்ந்தன. தப்பித்தோம் என்று அவளுக்கு மூச்சு வந்தது.

பிறகுதான் அவள் பட்டைக்கு மேலே பார்த்தாள்.

ஸ்வெட்டர்காரியின் வாய் அசைந்துகொண்டிருந்தது. 'தம்பி'க்கு மூடித் திறந்தது. 'அக்கா'வுக்கு அகல விரிந்தது. பட்டையில் விழும் எழுத்து, திரையில் எந்த வாய் அசைகிறதோ அந்த வாயின் பேச்சு. இத்தனை வருடம் அந்த வேலையைச் செய்தவள், அந்த ஒரு நிமிடத்தில் அதை மறந்துவிட்டாள்.

ஸ்பீக்கர்களிலிருந்து குரல் வந்தது.

"தம்பி, நான் அக்கா. எங்கிட்ட வா."

வசனக்காவின் குரல்.

தம்பி தலையை லேசாகச் சாய்த்தான், தூரத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் சாய்ப்பார்களே, அப்படி. கையைத் தூக்கிக் காதைத் தொட்டுப் பார்த்தான். சிரித்தான். வசனக்கா வெறிபிடித்தவள் போலத் தட்டினாள். பட்டை காலியானது. குரல் நிற்கவில்லை. வா, வா என்று அவள் குரலிலேயே, அவள் ஒருநாளும் பேசியிராத அன்போடு கூப்பிட்டது. அவள் மேசையைத் தள்ளிவிட்டு ஓடினாள். பாதி வழியில் படம் ஓட்டும் புரொஜெக்டரின் விளக்கு பட்டென்று அணைந்தது. ஆபரேட்டர் தடுமாறி அரங்க விளக்கைப் போட்டபோது முதல் வரிசைக்கு முன்னால் யாரும் இல்லை.

திரையில் ஒரு கிழிசல் இல்லை. திரைக்குப் பின்னால் செங்கல் சுவர்.

போலீஸ்காரர்களிடம் அறுபது பேரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள். இருட்டில் யாரோ இடது பக்கக் கதவு வழியாகப் போனதாக ஞாபகம். அந்தக் கதவு பதினோரு வருடமாகச் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. படத்தின் பிரதியையும் போட்டுப் பார்த்தார்கள். தபால்காரர் கதவைத் தட்டினார். ஒரு கிழவர் வந்து கடிதத்தை வாங்கிக்கொண்டார்.

வசனக்கா அதற்குப் பிறகு எந்தப் படத்துக்கும் எழுதவில்லை. எட்டு மாதம் கழித்து, வேறொரு அரங்கில், கழகத்தின் அடுத்த வரிசை தொடங்கியது. அவள் போனாள். செக்ரட்டரி அவளைப் பார்த்ததும் விலகிப் போனார். தம்பியைத் தேட அவளுக்கு வேறு இடம் தெரியவில்லை. மூன்றாம் வரிசை இடது ஓரத்தில் உட்கார்ந்தாள்.

பெயர் கூட வாயில் நுழையாத ஒரு நாட்டின் படம். கடைசி வரிசையில் வேறு யாரோ வசனம் தட்டிக்கொண்டிருந்தார்கள். ரயில் நிலையத்தில் ஒரு பெருங்கூட்டம். கூட்டத்துக்கு நடுவே, குடை வைத்திருந்த ஒருவரோடு அவன் பேசிக்கொண்டு நின்றான்.

இளைக்கவில்லை, வாடவில்லை. ரயில் கூவியபோது அந்தப் பக்கம் திரும்பினான். மணி அடித்தபோது இந்தப் பக்கம் திரும்பினான். ஒவ்வொரு சத்தத்துக்கும் அவன் முகம் மலர்ந்தது. வசனக்காவுக்குக் கண்ணீர் பொங்கியது. கூப்பிட்டுவிடக் கூடாது என்று தன் வாயைத் தானே இறுக்கிப் பொத்திக்கொண்டாள்.

பேசிக்கொண்டிருந்தவன் சட்டென்று நிறுத்தினான். தலையைச் சாய்த்தான். அவன் உதடு அசைந்தது. பட்டையில் எதுவும் விழவில்லை. அவளுக்குத் தேவையும் இல்லை, அந்த உதட்டை இருபத்தெட்டு வருடமாகப் படித்தவள் அவள்.

"இருங்க, அக்கா கூப்பிடறா" என்று குடைக்காரரிடம் சொல்லிவிட்டு, சந்தோஷமாகக் கூட்டத்துக்குள் ஓடினான்.

பொத்திய கையை அவள் இன்னும் எடுக்கவே இல்லை.