பன்னிரண்டு சதவீதம்

செவ்வாயில் புழுதிக்காலம் தொடங்கிவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர்கள் மின்கம்பியும் கையுமாக வாசலில் வந்து நிற்பார்கள். பூமியில் ஒரு காலத்தில் டம்ளரை நீட்டி, 'உறை ஊத்தக் கொஞ்சம் மோர்' என்று கேட்டார்களாமே, அதுபோல இங்கே 'பத்து சதவீதம் இருந்தா ஏத்திவிடுங்க' என்று கேட்பார்கள். மாதக்கணக்கில் வானத்தைப் புழுதி மூடிக்கொண்டால் கூரைத் தகடுகளில் வெயில் விழாது. அப்போது வீட்டுக்கு விளக்கும் சூடும் தருவது கொட்டகையில் நிற்கும் மின்காரின் பேட்டரிதான். இங்கே யாரும் ஓட்டுவதற்காக மட்டும் கார் வாங்குவதில்லை. ஓட்டிக்கொண்டு போக அப்படி என்ன ஊர் இருக்கிறது, இந்தக் குவிமாடத்தை விட்டால் அந்தக் குவிமாடம்.

ஆகவே ஊராட்சி ஒரு சட்டம் போட்டிருந்தது. ஒவ்வொரு காரின் நெற்றியிலும் ஓர் இருப்புப்பலகை எரிய வேண்டும். உள்ளே எத்தனை சதவீதம் மின்சாரம் இருக்கிறது என்பதைத் தெருவில் போகிறவர்களுக்கு அது காட்டும். இல்லாதவர்கள் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று தெரிய வேண்டும் அல்லவா? நல்ல சட்டம்தான். ஆனால் நல்ல சட்டத்தைக் கண்டால் நம் ஆட்களுக்குக் கை சும்மா இருக்குமா?

வசுமதியின் கார் வந்து இருபது நாள்தான் ஆகியிருந்தது. நாலு வருஷம் பெயர் எழுதிக் காத்திருந்து, பூமியிலிருந்து சரக்குக் கப்பலில் ஒன்பது மாதம் மிதந்து வந்த கார். காலையில் பல் தேய்க்கும் முன்பே போய்ச் சதவீதம் பார்ப்பாள். சாப்பிட்டு முடித்துக் கை கழுவியதும் இன்னொரு தடவை பார்ப்பாள். அவள் கணவன் இளங்கோவன் பழைய பனியனால் ஒரு நாளைக்கு மூன்று முறை துடைத்தான். திரையின் மேல் ஒட்டியிருந்த மெல்லிய உறையை உரிக்கப் போன மகளை, ஒரு வயதுக் குழந்தை என்றும் பாராமல் அதட்டினான்.

கையேட்டை வரி விடாமல் படித்து, 'பணிவு முறை' என்ற ஒன்றைக் கண்டுபிடித்தவனும் அவன்தான். பூமியில் திருடன் கண் படாமல் இருப்பதற்காக வைத்த வசதி அது. அதைத் தட்டிவிட்டால், உள்ளே எவ்வளவு இருந்தாலும் வெளிப்பலகை நாம் சொன்ன எண்ணைக் காட்டும்.

"தப்பில்லையாங்க?" என்றாள் வசுமதி.

"இதுல என்ன தப்பு? தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும். ஒவ்வொரு தடவை இறக்கி ஏத்தும்போதும் பேட்டரிக்கு வயசாகுது, தெரியுமா? புது வண்டி. இந்த ஒரு புழுதி மட்டும் போகட்டும்."

பன்னிரண்டு என்று வைத்தான். பத்து என்று வைத்தால் பொய் மாதிரித் தெரியுமாம். உள்ளே இருந்ததோ முழுசாக நூறு.

புழுதி இறங்கிய பதினோராம் நாள், உள்ளிருப்பு தொண்ணூற்று நான்காக இருந்தபோது, கையில் கம்பியோடு எதிர்வீட்டு எஸ்தர் வந்தாள். வசுமதிக்குப் பிரசவமானபோது இருபது நாள் தூக்குப்பாத்திரத்தில் கஞ்சியும் ரசமும் கொண்டுவந்து கொடுத்தவள். அவள் கணவர் டேவிட் சுரங்கத்தில் வேலை பார்த்து நுரையீரலில் புழுதி ஏறியவர். கட்டிலருகே மூச்சுப்பொறி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

"வசு, எங்க பழைய வண்டி ஆறுக்கு வந்துடுச்சு. பதினஞ்சு கிடைச்சா அவருக்கு இன்னும் நாலு நாள் ஓடும். இல்லைன்னா பொது ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோகணும். போன புழுதியில அங்க படுத்து, காய்ச்சல் தொத்தி, பிழைச்சதே பெரிய பாடு."

வசுமதிக்கு வாய் வரை உண்மை வந்தது. பின்னால் இளங்கோவன் தொண்டையைக் கனைத்தான்.

"பாருங்கக்கா, எங்களுக்கே பன்னெண்டுதான்" என்றாள்.

எஸ்தர் பலகையைப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் நம்பிவிட்டாள். அதுதான் கொடுமை. ஒரு முறை முறைத்திருந்தால்கூட வசுமதி பதிலுக்குக் கோபப்பட்டுத் தப்பித்திருப்பாள். "அடடா, கைக்குழந்தையை வச்சுக்கிட்டுப் பன்னெண்டுலயா ஓட்டுறே? சொல்லக்கூடாதா?" என்று அவள் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனாள்.

மத்தியானம் வசுமதிக்குச் சோறு இறங்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். "மனுஷன் மூச்சு விடுற விஷயங்க" என்றாள். "ஆஸ்பத்திரின்னு ஒண்ணு எதுக்கு இருக்கு?" என்றான் இளங்கோவன். சொன்னானே தவிர, அவனும் தட்டில் பாதியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான்.

மூன்று மணிக்கு வாசலில் ஆளரவம் கேட்டது. எஸ்தர்தான். தனியாக இல்லை. தெருச் செயலாளர் கனகசபாபதியும் நாலு வீட்டுக்காரர்களும் ஆளுக்கொரு கம்பியோடு நின்றார்கள்.

"எஸ்தரம்மா வந்து சொன்னாங்க. எங்க பலகையிலயும் ஒன்பது, பத்துன்னுதான் எரியுது. ஆனாலும் கைக்குழந்தை இருக்கிற வீடு, பார்த்துக்கிட்டு இருக்க முடியுமா? ஆளுக்கு ரெண்டு போடுறோம்" என்றார் செயலாளர்.

"நானும் ஒண்ணு தரேன்" என்றாள் எஸ்தர். "அவருக்கு ஆஸ்பத்திரியில கட்டில் சொல்லியாச்சு. நாலரை மணிக்கு ஆள் வரும். வீட்ல அவரே இல்லாதப்ப எனக்கு எதுக்கு ஆறு?"

நிறைந்த பேட்டரியில் ஏற்றினால் கம்பி 'போதும், போதும்' என்று விசில் அடிக்கும். தொண்ணூற்று நான்கில் பதினொன்றை எங்கே போய் வைப்பது? இளங்கோவன் சட்டென்று முன்னால் வந்தான். "அரை மணி நேரம் கொடுங்கய்யா, வண்டியைத் துடைச்சு வைக்கிறேன்" என்று அவர்களை வெளியிலேயே நிறுத்திவிட்டுக் கொட்டகைக் கதவைச் சாத்தினான்.

அப்புறம் அவன் செய்ததைப் பார்க்க வேண்டுமே! முகப்பு விளக்குகளைப் போட்டான். சூடேற்றியை உச்சத்தில் வைத்தான், குளிரூட்டியையும் கூடவே போட்டான். துடைப்பான்கள் காய்ந்த கண்ணாடியைத் தேய்த்துக்கொண்டிருந்தன. கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து, கார் காய்ச்சல் கண்டதுபோல் நடுங்கியது. அரை மணி நேரத்தில் தொண்ணூற்று நான்கு, தொண்ணூற்று இரண்டு ஆனது.

"இறங்க மாட்டேங்குதே! நல்ல பேட்டரி வசு" என்றான். அழுகிற குரலில்தான் சொன்னான், ஆனாலும் அதில் கொஞ்சம் பெருமை இருந்தது.

வசுமதி அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். இப்போது வீணாய்ப் போன இரண்டு சதவீதத்தில் டேவிட் அண்ணன் அரை நாள் மூச்சு விட்டிருப்பார். "போதும்ங்க. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்க என்னால ஆகாது" என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தாள்.

"அக்கா, நான் பொய் சொல்லிட்டேன். வண்டியில தொண்ணூத்தி ரெண்டு இருக்கு. பலகை பொய். நாங்கதான் அப்படி மாத்தி வச்சோம். அண்ணன் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம். எவ்வளவு வேணுமோ எடுத்துக்குங்க. என்னை என்ன வேணா திட்டுங்க."

திட்டுக்காகத் தலைகுனிந்து நின்றாள். ஒருவரும் திட்டவில்லை. செயலாளர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் கம்பியைச் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தார்கள். எஸ்தர் மட்டும் ஒரு நிமிஷம் கண்கொட்டாமல் பார்த்துவிட்டு, "சொல்லிட்டியே, அது போதும். கம்பியை மாட்டு" என்றாள்.

நாற்பது சதவீதம் எதிர்வீட்டுக்குப் போனது. எஸ்தர் போய் மூச்சுப்பொறியை முழு வேகத்தில் வைத்துவிட்டு, ஆஸ்பத்திரிக் கட்டிலையும் வேண்டாமென்று சொல்லிவிட்டு வந்தாள். ஆனாலும் வசுமதிக்கு மனசு ஆறவில்லை.

"இன்னும் அம்பத்திரண்டு இருக்கு. எங்களுக்கு இருபது போதும். நீங்க அஞ்சு வீடும் ஆளுக்கு ஆறு எடுத்துக்குங்க. எடுத்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும்" என்றாள்.

"ஐயையோ, வேண்டாம்மா!" என்றார் செயலாளர். சொன்ன வேகத்தில் மற்ற நாலு பேரும் "வேண்டவே வேண்டாம்" என்றார்கள்.

எஸ்தர் விடுவாளா? "ஒன்பதுல நிக்கிற வீட்டுக்கு ஆறு கசக்குதா? ரெண்டு ரெண்டா அவளுக்குக் கொடுக்க வந்தவங்கதானே நீங்க? மனசார கொடுக்குறா, தடுக்காதீங்க. பிடிங்க கம்பியை!"

அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். செயலாளர் நெற்றியைத் துடைத்தார். "சரிம்மா. ஆனா ஒரு ரெண்டு மணி நேரம் டைம் கொடு. வீட்ல சொல்லிட்டு வரோம்" என்றார். ஐந்து பேரும் வேகவேகமாகப் போனார்கள். அவரவர் கொட்டகைக் கதவு சாத்தும் சத்தம் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டது.

வசுமதியும் எஸ்தரும் வாசலிலேயே உட்கார்ந்தார்கள். சற்று நேரத்தில் செயலாளர் வீட்டுக் கொட்டகை இடுக்கிலிருந்து வெளிச்சம் பீறிட்டது. அடுத்த வீட்டிலும், அதற்கடுத்த வீட்டிலும் அப்படியே. சூடேற்றிகள் உறுமின, துடைப்பான்கள் காய்ந்த கண்ணாடியைத் தேய்க்கும் சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. பதினோரு நாளாக மங்கிக் கிடந்த தெரு கல்யாண வீடு மாதிரி ஜொலித்தது.

இளங்கோவன் வெளியே வந்து பார்த்தான். உடனே உள்ளே போய்விட்டான்.

"என்ன வசு இது? இருக்கிற கொஞ்ச நஞ்சத்தையும் ஏன் இப்படி எரிக்கிறாங்க?" என்று எஸ்தர் திகைத்தாள். பிறகு அவளே முகம் மலர்ந்தாள். "ஓ, நீ கொடுக்கிறேன்னு சொன்ன சந்தோஷத்துல ஏத்தி வச்சிருக்காங்களோ?"

வசுமதி அந்த வெள்ளை மனசைப் பார்த்தாள்.

"இருக்கும்க்கா" என்றாள்.

எஸ்தரிடம் அவள் சொன்ன இரண்டாவது பொய் அது.