தீர்ப்பை நான் சொல்லிக்கிறேன்

"கையை விடுங்க! நான் என்ன பெட்டி படுக்கையா, இழுத்துட்டுப் போக?"

நாடக அரங்கின் வாசலில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. வெள்ளைக் கோலோடு நின்றவனைக் கேட்காமல் கொள்ளாமல் படியேற்றப் போனவளுக்கு முகம் சுருங்கியது. நல்லது செய்யப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டாயா... நன்றாக வேண்டும் உனக்கு!

பின்வரிசைக் கண்ணாடி அறையில் மைக் முன்னால் உட்கார்ந்த பிறகும் நெஞ்சு அடங்கவில்லை. பார்வையில்லாதவர்களுக்கு மேடையில் நடப்பதை ஹெட்போனில் சொல்வது அவள் வேலை. ஆறு மாதம் நாயாய் அலைந்து கேட்டு வாங்கிய ஒரே ஒரு நாள். ஹெட்போன் வாங்கியவரும் ஒரே ஒருவர்தான். மூன்றாம் வரிசையில்... ஐயோ, அவனேதான்!

"அந்த மூணாம் வரிசை வக்கீல் ஒரு குறை சொன்னாலும் இந்த வர்ணனையை இன்னையோட மூட்டை கட்டிடலாம்" என்று மேனேஜர் வேறு மிரட்டிவிட்டுப் போனார்.

இடைவேளையில் அவனே கோலைத் தட்டிக்கொண்டு வந்து நின்றான்.

"'சோகமா நிக்கிறா', 'ஏக்கமா பாக்குறா'... இதெல்லாம் யார் கேட்டா? சாட்சி பார்த்ததை மட்டும் சொல்லணும். தீர்ப்பை நான் சொல்லிக்கிறேன்."

"பிடிக்கலைன்னா கழட்டி வச்சிடுங்க சார்!"

சொன்ன மறுகணம் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன் திரும்பிப் போனான்.

மணி அடித்தது. மூன்றாம் வரிசை நாற்காலி காலி. திமிர் பிடித்தவளே, கெடுத்தாயே... விளக்கு அணையும்போதுதான் அவன் வந்து உட்கார்ந்தான். ஹெட்போனை ஒரு காதில் மட்டும் வைத்துக்கொண்டான்.

அவள் தொண்டையைச் செருமினாள்.

"அம்மா, மகனோட சட்டையை மடிக்கிறா... பிரிக்கிறா... மறுபடியும் மடிக்கிறா."

அவன் கை மெல்ல உயர்ந்தது. இன்னொரு காதையும் மூடிக்கொண்டான். கடைசிக் காட்சியில் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

நாடகம் முடிந்தும் மழை விடவில்லை. அவன் வாசலில் காத்திருந்தான்.

"மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன்."

"எ... என்னன்னு?"

"வாராவாரம் எனக்கு மூணாம் வரிசை வேணும்னு. இதே குரலோட."

குடையை விரிக்கப் போனவள் அப்படியே மழையில் நின்றாள்.

"என்ன, சாட்சி சத்தத்தையே காணோம்?"

அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"ஒரு பொண்ணு நிக்கிறா. கையில குடை இருக்கு, விரிக்கலை. நனையுறா. கண்ணு... உங்க முகத்தை விட்டு நகரலை. தீர்ப்பு?"

"முதல் காட்சியிலேயே மனசு உங்க பக்கம் சாய்ஞ்சிடுச்சு. அதான் அவ்வளவு வாதாடினேன். இல்லைன்னா பேசாம கழட்டி வச்சிட்டுப் போயிருப்பேனே..."

"படி வழுக்கும். நான்... கையைப் பிடிக்க..."

அவள் கேட்டு முடிப்பதற்குள் அவன் கையை நீட்டியிருந்தான்.